பதின்மூன்று பலகைகள்

காலை எட்டு இருபது. பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் பத்தொன்பது பலகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. வேண்டியது முப்பத்திரண்டு. ஆற்றின் பழைய வரைபடங்களைக் காட்டும் கண்காட்சி மதியம் இரண்டு மணிக்குத் திறக்கிறது. கூட்டத்தில், நூலகக் கண்காட்சிகளை வடிவமைக்கும் அவள்தான் வாயைக் கொடுத்திருந்தாள்: புதிதாக ஒரு பலகைகூட வாங்காமல், பிளாஸ்டிக் தாள் ஒட்டாமல் செய்து காட்டுகிறேன் என்று. முடிந்தால் இனி எல்லாக் கண்காட்சியும் இப்படித்தான். முடியாவிட்டால் பழையபடி பிளாஸ்டிக் என்று நூலகர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். துறை துறையாக ஏறி இறங்கிக் கெஞ்சியதில் கிடைத்தவை இந்தப் பத்தொன்பது. எட்டு வருடமாக ஒவ்வொரு கண்காட்சி முடிந்த மறுநாளும் பலகைகளைக் குப்பைக்கு அனுப்பியவளும் அவளேதான்.

தோற்றுவிட்டேன் என்று சொல்ல நூலகரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. நூலகத்தின் தச்சர். வாயில் வழக்கம்போல மூன்று திருகாணிகள். வண்டியில் பலகைகள். எண்ணினாள். பதின்மூன்று.

"ஏதுண்ணே இதெல்லாம்?"

திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினார். "உங்களோடதுதான். தூக்கிப் போடச் சொன்னீங்க. தூக்கினேன். போடல."

நாளிதழ்க் கட்டுகள் சரியாமலிருக்க அடுக்குகளுக்குப் பின்னால் தடுப்பாக நிறுத்தியிருந்தாராம். அதில் குறைகிற அளவுக்கு மட்டும் எடுத்து வந்தாராம். தினமும் அந்த வழியாகத்தான் அவள் தேநீர் குடிக்கப் போனாள். ஒன்றைத் திருப்பினாள். அவளுடைய முதல் கண்காட்சியின் பலகை. பின்பக்கம் பென்சிலில் நீளம், அகலம், தேதி. முன்பக்கம் வெறும் மரம். பசையின் தடமே இல்லை. விளிம்பில் மட்டும் ஊசிமுனை அளவுக்குத் துளைகள்.

"பசை போட்டு ஒட்டச் சொன்னேனேண்ணே."

"சொன்னீங்க. பிளாஸ்டிக் தாளை ஓரத்துல மடிச்சு ஆணி அடிச்சேன். பக்கத்துல வந்து பாத்திருந்தா எனக்குச் சீட்டு கிழிஞ்சிருக்கும்."

"எட்டு வருஷமாவா?"

"பசை வச்சா பலகை செத்துரும் மேடம். அன்னைக்கே சொன்னேன். 'டிசைன் படிச்சது நீங்களா, நானா'ன்னு கேட்டீங்க."

அப்படிக் கேட்டது அவளுக்கு நினைவில்லை. கேட்டிருப்பாள் என்பது மட்டும் தெரிந்தது. மன்னிப்பும் நன்றியும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று வழிமறித்துக்கொண்டன.

"அண்ணே..." என்று தொடங்கினாள்.

"மணி ஆகுது. ஏணியப் பிடிங்க."

பலகைகளை மாட்டினார்கள். காகித வரைபடங்களை மரச்சட்டத்தால் அழுத்தித் திருகினார்கள். பசை ஒரு சொட்டு இல்லை. அவருக்குத் தோள்வலி வந்ததும் அவள் ஏணியில் ஏறினாள். ஒன்றரை மணிக்கு, வாசலில் தொடங்கிய வரைபட ஆறு, முப்பத்திரண்டாவது பலகையில் கடலைத் தொட்டது. அந்தப் பலகைக்கு இன்னும் மூன்று திருகாணிகள் பாக்கி. அவை அவள் உதடுகளுக்கிடையில் இருந்தன. மரவாசனையும் இரும்பின் குளிர்ச்சியும். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"மேடம், முடிஞ்சதும் இதையும் தூக்கிப் போடணுமா?"