ஐந்தாவது இனம்

மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏழாம் பொருத்தமாக இருந்த வீட்டில் ஓரளவு சமாதானம் வந்ததே ஒரு தத்துப்பூச்சியால்தான்.

மருமகள் அருங்காட்சியகத்தில் பூச்சிகளை வகைப்படுத்துகிறவள். புல்லின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு சின்னப் பேரினம் அவள் பொறுப்பில் இருந்தது. அதில் மொத்தமே நான்கு இனங்கள். ஐந்தாவதைக் கண்டுபிடித்தபோது மாமியாரின் பெயரை வைத்தாள். தபால் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற மாமியார், அதன்பிறகு போனில் யாரிடம் பேசினாலும் பேச்சைச் சுற்றிவளைத்துப் பூச்சியில் கொண்டுவந்து நிறுத்துவார்.

வெளித்தோற்றத்தில் இந்த ஐந்து இனங்களும் ஒன்றுபோலவே இருக்கும். ஆண்பூச்சியின் வயிற்று நுனிக்குள் இருக்கும் கொக்கியைப் பார்த்தால்தான் இனம் தெரியும். மூன்றாம் இனத்துக்குக் கொக்கி ஒல்லி, மாமியார் பெயர் வைத்த ஐந்தாவதுக்குத் தடிமன். ஆனால் ஒல்லிக் கொக்கிகள் எல்லாம் பகல் குறுகிய மாதங்களிலும், தடித்தவை பகல் நீண்ட மாதங்களிலும் பிடிபட்டிருந்தன. அது அவளை உறுத்தியது. தொட்டியில் புல் வளர்த்து, ஒரே தாயின் குஞ்சுகளை இரண்டு கூண்டில் விட்டாள். ஒன்றுக்கு விளக்கொளி அதிக நேரம், மற்றதற்குக் குறைந்த நேரம். வளர்ந்ததும் அறுத்துப் பார்த்தால், ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் இரண்டு வகைக் கொக்கியும் இருந்தன.

கொக்கியின் தடிமன் பகல் நீளத்தால் வருவது; மூன்றாம் இனமும் ஐந்தாவதும் ஒன்றேதான். இந்தப் பூச்சிகளை வேறு யாரும் சீண்டுவதில்லை. வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஐந்தாவது தனி இனமில்லை என்று கட்டுரையை எழுதி முடித்துவிட்டு மாமியாரிடம் போய்ச் சொன்னாள்.

மாமியார் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. எந்தப் பெயர் நிற்கும் என்று கேட்டார். முதலில் வைத்த பெயர்தான் என்றாள் மருமகள்.

"அப்ப என் பேரு?"

"பழைய பேருக்குக் கீழ, செல்லாததுன்னு இருக்கும் அத்தை."

மாமியார் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் தானாகவே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தப்பு யாருதுன்னு எழுதியிருக்கியா?"

"என்னோடதுன்னு எழுதியிருக்கேன்."

"அந்த இடத்தைப் படி."

படித்தாள். மாமியார் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"சரி, அனுப்பு."

மருமகள் அனுப்பிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் மாமியார் தன் தங்கையிடம் போனில் பேசுவது கேட்டது. "இல்லடி, அந்தப் பேரை நானே வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டேன்."

மருமகள் அதை மட்டும் திருத்தப் போகவில்லை.