இரண்டு காது ரேடியோ

என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி ஒரு ரேடியோ வாங்கினார். வாங்கினார் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அவர் அதைத் தேர்ந்தெடுத்த காலத்தில் சின்னமனூரில் ஒரு வாழைத்தோப்பு நட்டு, தார் வெட்டி, அடுத்த விளைச்சலுக்கு மறுதாம்பும் விட்டிருக்கலாம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அரை மணி நேரத்தில் சம்மதம் சொல்லி, பஜ்ஜியையும் தின்றுவிட்டுப் போன மனுஷன் இவர். ரேடியோ என்றதும் அவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்ததோ!

இது பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. அமெச்சூர் ரேடியோ, ஹாம் என்பார்கள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டால் செல்போன் டவர் எதுவும் இல்லாமல் நாமே பேசலாம், கேட்கலாம். உரக்கடை நடத்துகிற இவருக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தபோது, துணைக்கு நீயும் எழுது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் முதல் தடவையிலேயே தேறினேன். அவர் இரண்டாம் தடவை தேறினார். இதை வீட்டில் சொல்லக்கூடாது, அதனால் இங்கே சொல்கிறேன்.

ரேடியோ எதற்கு என்றால், என் வேலைக்குத்தான். மேகமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் டீச்சர். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். திங்கட்கிழமை காலையில் என் பழைய ஆம்னி வேனில் ஏறினால், குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவேன். வளைந்து வளைந்து போகிற காட்டு ரோடு. யானை உண்டு, சிக்னல் கிடையாது. என் மாமியார் முத்துலட்சுமிக்கு அதுதான் குறை.

"வீட்டுப் பொம்பள எங்கன இருக்கா, என்ன ஆனான்னு தெரியாம நாங்க வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? டிரான்ஸ்பர் வாங்கிட்டுக் கீழ வாத்தா. கிடைக்கலையா, வேலைய விட்டுத் தள்ளு."

செல்லப்பாண்டியும் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டார். எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தை விட மனசில்லை. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு உயிர். சண்டை போட்டேன், சோறு தின்னாமல் கிடந்தேன். கடைசியில் ஒரு சமரசம் ஆனது. வண்டியில் ரேடியோ மாட்டுவது. ரோட்டில் நான் பத்திரமாக வருகிறேன் என்று வீட்டுக்குத் தெரிந்தால் வேலை நிலைக்கும். தெரியாவிட்டால் வேலை போச்சு.

எனக்கு வேண்டியது பேசுவதற்கு ஒரு செட், கூரையில் ஒரு ஏரியல், அவ்வளவுதான். ஏறிட்டேன், இறங்கிட்டேன், வண்டி மக்கர் பண்ணுது, இதைத் தவிர நான் என்ன பேசப் போகிறேன்? மலிவான செட்டே போதும் என்றேன்.

"பேச்சு மட்டும் இருந்தா எப்புடி, பவானி?" என்றார். "பொசிஷன் ரிப்போர்ட் வேணும். நீ எங்கன இருக்கேன்னு செட்டே கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா அனுப்பும். இங்கன கம்ப்யூட்டர் மேப்புல நீ புள்ளியா ஓடுவ. நீ வாயே திறக்க வேண்டியதில்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆசைப்பட்டது அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் என்று எனக்கு அப்போதே பட்டது.

ஆராய்ச்சி தொடங்கியது. மலிவு செட்டோடு தனியாக ஒரு டிராக்கர் பெட்டி வைப்பதா, எல்லாம் சேர்ந்த ஒரே செட்டாக வாங்குவதா? எங்கள் ஹாம் சங்கத்து வாட்ஸப் குழுவில் இதற்கு இரண்டு கட்சி உண்டாகி, பெரியகுளத்துக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டே போய்விட்டார். சங்கத் தலைவர் ஞானதுரை அவரைச் சமாதானப்படுத்தித் திரும்பச் சேர்த்தார். ஞானதுரைக்கு மாந்தோப்பு இருக்கிறது; மாமரத்துக்கு மேலே உயரமாக நாலு ஏரியலும் இருக்கிறது. பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு மைக்கை விடமாட்டார். அவர் தீர்ப்புச் சொன்னார்: எல்லாம் சேர்ந்த செட்தான், அதுவும் இரண்டு காது உள்ளதுதான். அதாவது ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசையைக் கேட்கும். ஒரு காது பொசிஷனுக்கு, ஒரு காது பேச்சுக்கு.

"வண்டியில ரெண்டு காது. சரி. வீட்டுல?" என்று கேட்டேன்.

"வீட்டுலதான் பழைய செட்டு இருக்குல்ல!"

"அதுக்கு ஒரு காதுதானங்க?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ ஏன் சின்ன விசயத்துக்கெல்லாம் குழப்புற?"

செட் வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை இரும்பு வீட்டுக்குள் வரக்கூடாது என்று மாமியார் கூரியர்காரரை வாசலோடு நிறுத்திவிட்டார். எதிர்வீட்டில் வைத்திருந்து, குச்சனூர் போய்ச் சனீஸ்வரருக்கு எள் விளக்குப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் பெட்டியைப் பிரித்தோம். பிறகு மேப்பில் நான் எந்தப் படமாக ஓடுவது என்று ஒரு விவாதம். கார் படம் போடலாம், ஜீப் படம் போடலாம், லாரி கூடப் போடலாமாம். இதில் ஒரு வாரம் போனது. கடைசியில் ஜீப்பானேன். ஒவ்வொரு தடவை இடத்தை அனுப்பும்போதும் கூடவே ஒரு சின்ன வாசகம் போகும், என்ன எழுதலாம் என்று குழுவில் கேட்டார். ஞானதுரை எழுதிக் கொடுத்தார்: "எல்லாம் நலம். தேனி மாவட்டத்திலிருந்து அன்பு வணக்கம்." நான் தெரியாமல் எதையாவது அமுக்கிவிடக்கூடாது என்று பொத்தானையெல்லாம் பூட்டியும் வைத்தார். பேசுகிற பொத்தானை மட்டும் விட்டுவைத்தார், அதுவரைக்கும் புண்ணியம்.

நாலைந்து வாரம் புள்ளி ஓடியது. நான் மலை ஏறுவதை மாவட்டமே பார்த்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், "மூணாவது வளைவுல ஏன் அம்புட்டு நேரம் நின்ன?" என்று கேள்வி. வாந்தி வந்தது, நின்றேன். அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. இறங்கும்போது பாதி மலையில் கிளட்ச் வயர் அறுந்துவிட்டது. கடைசி பஸ் எனக்கு முன்னாலேயே போய்விட்டது. தூறல் வேறு. ரோட்டு ஓரத்தில் யானைச் சாணி கிடந்தது, ஆவி பறக்க. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மைக்கை எடுத்தேன். பதற்றப்படாமல்தான் கூப்பிட்டேன். லைசென்ஸில் எனக்குக் கொடுத்த அழைப்புக்குறியைச் சொன்னேன், இடம் சொன்னேன், வண்டி நின்றுவிட்டது என்றேன். பதில் இல்லை. இன்னொரு தடவை. இல்லை. மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அழைப்புக்குறி எல்லாம் மறந்துபோய், "ஏங்க, ஏங்க" என்றுதான் கூப்பிட்டேன். இரண்டு மணி நேரத்துக்குக் கிட்ட கூப்பிட்டிருப்பேன். தொண்டை கட்டிவிட்டது. அந்த நேரம் முழுக்க என் காதுக்குப் பக்கத்தில் செட் அதுபாட்டுக்கு டிர் டிர் என்று அனுப்பிக்கொண்டிருந்தது: எல்லாம் நலம். அன்பு வணக்கம்.

கீழே என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு வாட்ஸப்பில் படித்துத் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் மாடியில் இருந்த ஒற்றைக் காது செட்டைப் பொசிஷன் பக்கம் திருப்பி, கம்ப்யூட்டரோடு கட்டிவைத்திருந்தார்; புள்ளி அதன் வழியே நெட்டுக்குப் போனது, பேச்சைக் கேட்க அதற்குக் காது மிச்சமில்லை. மற்ற சங்கத்துக்காரர்கள் அவரவர் செட்டை அணைத்துவிட்டு, போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சார், புள்ளி ஒரே இடத்துல நிக்குது, ஒரு மீட்டர் கூட ஆடலை. துல்லியம்னா இதுதான்" என்று ஒருத்தர். அதற்குக் கைதட்டுகிற படம் ஏழெட்டு. "மேடம் வியூ பாயின்ட்ல டீ குடிக்கிறாக போல" என்று ஞானதுரை. அதற்கு என் வீட்டுக்காரர் சிரிக்கிற முகம் போட்டிருக்கிறார். பாவி மனுஷன்! அங்கே டீக்கடை ஏது?

இருட்டுகிற நேரத்தில் ஒரு குரல் வந்தது.

"சேச்சி, கேட்டு, கேட்டு. ஞான் இவிடெ உண்டு. எவிடெயா நிக்குன்னது?"

கேட்டுவிட்டதாம், எங்கே நிற்கிறேன் என்று மலையாளத்தில் கேட்டார், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், கேரளத்து வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற பேபிச்சன். லைசென்ஸ் உள்ளவர், எங்கள் சங்கத்தில் இல்லை. தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து செட்டைப் போட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "பேடிக்கண்டா, பயப்படண்டா, இறங்கண்டா, என்னோடு பேசிக்கிட்டே இரி" என்று பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசியபடியே, இன்னொரு கையில் போனை எடுத்து மலையடிவாரத்துச் செக்போஸ்ட்டுக்குச் சொல்லி, ஜீப் அனுப்பவைத்தார். நான் சொன்ன நம்பரில் என் வீட்டுக்கும் போன் போட்டாராம். லைன் பிஸியாம். புள்ளியைப் பற்றி ஞானதுரையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார் என் வீட்டுக்காரர்.

ஆனால் கதை ஊருக்குள் வேறு மாதிரி ஓடியது. பேபிச்சனுக்கு என் குரல் கேட்டதையே எல்லாரும் விட்டுவிட்டார்கள். ரேடியோ காப்பாற்றிவிட்டது, புள்ளி காப்பாற்றிவிட்டது என்றே பேச்சு. "பாத்தியாம்மா, நான் வாங்குன செட்டு!" என்று என் வீட்டுக்காரர் அவர் அம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்தினார். மாமியாரும் மனசு இறங்கி, "அப்ப சரி, அவ போயிட்டு வரட்டும்" என்றுவிட்டார். நான் வாயைத் திறந்தால் அந்த அனுமதி போய்விடும். அதனால் விழுங்கிக்கொண்டேன். எனக்கு விழுங்குவது பழக்கமில்லை, வயிறு எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியகுளத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் சங்கம் பாராட்டுக்கூட்டம் போட்டது. சுவரில் மேப்பைப் பெரிதாகக் காட்டினார்கள், நடுவில் நான், ஜீப் படமாக. "அன்னைக்கு சகோதரி எங்கன இருந்தாகன்னு உலகமே பாத்துச்சு!" என்று ஞானதுரை முழங்கி, என் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார். முன்வரிசையில் மாமியார் பட்டுச்சேலையில் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். கடைசியில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் என் வேலைக்கு ஒரு பங்கமும் இல்லை.

எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன். அந்தப் பொன்னாடையைப் பார்த்தேன். போச்சு.

"நான் நின்ன இடம் எல்லாருக்கும் தெரிஞ்சது. சந்தோசம். அங்கன நின்னு ரெண்டு மணி நேரம் நான் என்ன சொல்லிக் கத்துனேன்னு யாருக்காச்சும் தெரியுமா? ஒரு வார்த்தை கேட்டவுக கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. ஞானதுரை புரொஜெக்டரைப் பார்த்தார்.

"என் புருசன் பேரச் சொல்லாம ஏங்க, ஏங்கன்னு கூப்பிட்டேன். செட்டு அந்நேரமும் எல்லாம் நலம்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. எழுதிக் கொடுத்த மகராசன் நல்லா இருக்கட்டும்."

மாமியார் எழுந்துவிட்டார். "ஏலே செல்லப்பாண்டி, நெசமாலுமாலே? அவ கூப்பிட்டது உனக்குக் கேக்கலையா?"

"மேப்பப் பாத்துக்கிட்டு இருந்தேம்மா" என்றார் இவர், பொன்னாடையோடு.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "இவன நம்பி உன்ன அனுப்புனேன் பாரு. வேண்டாந்தா. வேலைய விட்டுரு."

எனக்குத் தெரியும், இதுதான் வரும் என்று. ஆனால் வந்தபோது பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"அத்த, நான் மலை ஏறுறது பிள்ளைகளுக்காக. வாராவாரம் இறங்குறது உங்க மகனுக்காக. மாட்டிக்கிட்டது இறங்குறப்பதான். விட்டுர்றேன், இறங்குறத விட்டுர்றேன். பாக்கணும்னா இவுக ஏறி வரட்டும்."

யாரோ ஒருவர் கைதட்டிவிட்டு, தட்டியிருக்கக்கூடாது என்று நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை ஏறியதும் செட்டையும் ஏரியலையும் வண்டியிலிருந்து கழற்றி, செட்டைக் குவார்ட்டர்ஸில் மேசைமேல் வைத்தேன். பூட்டியிருந்த பொத்தானையெல்லாம் திறந்தேன். எல்லாம் நலத்தை அழித்தேன். இரண்டு காதையும் பேச்சுக்கே வைத்தேன். முதல் வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. ரோஷம். இரண்டாவது வெள்ளிக்கிழமையும் வரவில்லை. அந்த இரண்டு வாரமும் சாயங்காலம் ஆனால் பேபிச்சன் குரல் மட்டும் வரும், சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போய்விடும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். செட் கரகரத்தது.

"பவானி... பவானி... மாடி செட்டைத் தூக்கிக்கிட்டு ஜீப்புல வந்துக்கிட்டு இருக்கேன். மேகம் இறங்கி அடைச்சிருச்சு, ரோடே தெரியல. பக்கத்துல என்னமோ மூச்சு விடுது. யாராச்சும் கேக்குறீகளா?"

எத்தனை நாள் ஆத்திரம்! கொஞ்சம் கூப்பிடட்டும், தொண்டை கட்டட்டும் என்றுதான் இருந்தது. கை அதற்குள் மைக்கை எடுத்துவிட்டது.

"கேக்குதுங்க. வண்டியவிட்டு இறங்காதீக. எங்கன இருக்கீக?"

"தெரியலையே பவானி. எந்த இடம்னே தெரியல."

"தெரியாட்டிப் பரவாயில்ல. பேசிக்கிட்டே இருங்க."