தொப்புளைச் சுற்றிப் பதினான்கு

மாலை போட வந்த பெரியப்பாவின் கையிலிருந்து மதி அதைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள்.

"எங்கப்பாவ தொடாத. போய்க்கினே இரு."

பெரியப்பா கிருஷ்ணப்பன் போகவில்லை. ஷாமியானாவுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டார். எழவுக்கு வந்த சனம் முழுவதும் அவரை முறைத்தது. நன்றாக முறைக்கட்டும் என்றிருந்தது மதிக்கு.

அப்பா வேம்புவை நாய் கடித்து இரண்டு மாதமாகிறது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் வேலையாக இருந்தபோது ஒரு குட்டி கணுக்காலைக் கவ்வியிருக்கிறது. வீட்டில் ஆணி குத்திவிட்டது என்றார். தண்ணீரைக் கண்டு அவர் அலறிய பிறகுதான், ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியப்பா வாயைத் திறந்தார். கடித்த அன்றே அவருக்குத் தெரியும். சொல்ல வேண்டாமென்று தம்பி கெஞ்சினாராம். சிறுவயதில் ஒருமுறை நாய் கடித்து, வேம்புவுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டிருந்தார்கள். பதினான்கு நாளும் கால்களை அமுக்கிப் பிடித்தவர் இந்த அண்ணன்தான். அந்தக் கொடுமை மறுபடி வேண்டாமென்று இரண்டு முட்டாள்களும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் மட்டும் செத்ததை மதியால் பொறுக்க முடியவில்லை.

சுகாதார நிலையத்திலிருந்து வியாகுலம்மாள் சிஸ்டர் மருந்துப் பெட்டியோடு வந்தார். அப்பாவின் எச்சில் பட்டவர்கள் எல்லோரும் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். அம்மாவுக்குப் போட்டு, மதிக்கும் இரண்டு தோளிலும் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இவ்ளோதானா சிஸ்டர்?"

"வயித்துல போட்டது ஆட்டு மூளையில செஞ்ச மருந்தும்மா. அத நிறுத்தி இருவது வருசமாச்சு. இப்ப லேபுல செல்லு வளத்து செய்றாங்க. நாலு வாட்டி வந்தா போதும்."

இதை யாராவது அப்பாவிடம் சொல்லியிருக்கலாம்.

வேறு யாருக்காவது எச்சில் பட்டதா என்று சிஸ்டர் கேட்டார். கடைசி நாள் முழுக்க அப்பாவின் வாயைத் துடைத்தது பெரியப்பாதான். அவர் விரலில் வெட்டுக்காயம் இருந்ததையும் மதி பார்த்திருந்தாள். சொல்லாமல் இருந்தாள். சிஸ்டர் பெட்டியை மூடியதும் மதி வெயிலில் நின்றவரைக் கைகாட்டினாள்.

"அதோ, அந்தாளுக்கும் போடு சிஸ்டர். கைல காயம் கீது."

கூப்பிட்டதும் கிருஷ்ணப்பன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையை நெஞ்சுவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடிக்கொண்டார்.

சிஸ்டர் மதியைப் பார்த்தார். மதி கிட்டே போய்ச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, அவர் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.