ராஜாமணி காத்துவைத்த இடம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மீன் மார்க்கெட்டில் எங்களுக்கு எழுதிவைத்த இடம் கிடையாது. உட்கார்ந்து வந்தால் நம் இடம், விட்டால் அடுத்தவள் இடம். அதனால் சீக்கில் விழுந்தவள் சொந்தத்தில் ஒருத்தியை உட்காரவைத்துவிட்டுத்தான் போவாள். நான் என் ஓரகத்தி ராஜாமணியை உட்காரவைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2011-ல் எனக்கு இமை தொங்க ஆரம்பித்தது. காலையில் கணீரென்று கூவுவேன். கொஞ்ச நேரம் விலை பேசினால் குரல் மூக்கால் போய்க் குழறும். செதில் சுரண்டக் கை தூக்காது. சிதம்பரத்தில் காட்டினோம். மயஸ்தீனியா, நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் சோர்ந்துபோகிற வியாதி என்றார் டாக்டர்.

"நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கும்மா, அதான் இதத் தூண்டி வுடுது. நெஞ்சப் பொளக்க வேணாம், விலாவுல மூணு ஓட்டை போட்டு கேமரா வுட்டு எடுத்துடலாம். ஆனா உடனே சரியாவாது, வருஷக்கணக்குல ஆவும். மாத்திரைய வுட்டுடாதீங்க."

ஓட்டைகள் ஆறியதும் மார்க்கெட்டுக்குப் போனேன். ராஜாமணி சிரித்த முகமாய் "வாக்கா" என்று பாதி இடம் நகர்ந்து கொடுத்தாள். ஆனால் என் பக்கம் ஒருத்தரும் எட்டிப்பார்க்கவில்லை. எப்போதும் என்னிடமே வாங்கும் சௌந்தரம் டீச்சர்கூட என்னைப் பார்த்ததும் பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னா டீச்சர், என்கிட்ட வாங்க மாட்டீங்களா?"

"தப்பா நெனைக்காத தமிழ்ச்செல்வி. வூட்ல கொழந்தைங்க இருக்கு. ஒட்டிக்கிற வியாதின்னு உன் ஓரகத்தியே சொன்னாளே."

நான் ராஜாமணி பக்கம் திரும்பினேன். அவள் தலை நிமிராமல் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஆஸ்பத்திரியில நான் மிச்சம் வச்ச கஞ்சிய நீதான குடிச்ச. உனக்கு ஒட்டிக்கிச்சா?"

"மூணு புள்ளைங்கள வச்சிருக்கேன்க்கா. இந்த எடத்த வுட்டுட்டு எங்க போவேன்?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பாவி, வாய்விட்டுக் கேட்டிருந்தால் பாதி இடத்தைக் கொடுத்திருப்பேனே. எழுந்து நின்றேன். மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் பொய்யைப் போட்டு உடைக்கத்தான் வாயைத் திறந்தேன். இரண்டு வார்த்தை ஒழுங்காக வந்தது. அப்புறம் நாக்கு மடங்கிப் பேச்சு குழறியது, எச்சில்தான் வழிந்தது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சுற்றி நின்ற எல்லோரும் தள்ளிப்போனார்கள். ராஜாமணி மட்டும் எழுந்து வந்து, கொஞ்சமும் அருவருப்பில்லாமல், தன் சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைத்துவிட்டாள்.

"யாருக்கு வரும் இந்த மனசு!" என்றார் டீச்சர், அவளைப் பார்த்து.