ஒற்றைக் கயிற்று வீடு

பெருமழை விட்ட காலையில் குண்டசாலையில் வீட்டுக்கு வீடு கயிறு முளைத்திருந்தது. போக்குவரவு உள்ள வீடுகளுக்கிடையில் மட்டுந்தான். கொடுக்கல் வாங்கல் இரண்டும் இருந்தால் நார் இருபுறமும் முறுக்கேறியிருக்கும்; ஒருத்தர் மட்டும் கொடுத்தால் நார் வாங்குகிறவர் பக்கமே சாய்ந்திருக்கும். நெருக்கத்துக்குத் தக்க தடிப்பு. பிரதேச சபைக்காரர்கள் வெட்டிப் பார்த்தார்கள். மறுநாளும் முளைக்கவே, மின்கம்பிக்குரிய விதிகளையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள். கயிறே இல்லாத வீடுகள் நகரத் தொடங்கின. முதலில் போனது ஜனார்த்தனன் வீடு. மகாவலி ஆற்றில் இறங்கி, விளக்கு எரிந்தபடியே விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவரை யாரும் தேடவில்லை. தேடியிருந்தால் ஏன் போகிறது?

ராஜரத்தினத்தின் வீட்டுக்கு ஒரே கயிறு. மடவளையிலிருந்து வந்தது, நார் முழுக்க இவர் பக்கம் சாய்ந்தது. மகள் நிரோஷா இவர் பேச்சை மீறி அங்கே ஸிபானைக் கட்டிக்கொண்டு போனவள். பெருநாளுக்குப் பெருநாள் வட்டிலப்பம் அனுப்புவாள். இவர் வழித்துத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வெறுமனே திருப்பி அனுப்புவார். வந்த தட்டில் ஒரு பிடி சீனியாவது போடாமல் கொடுப்பது, முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது மாதிரி. தெரிந்துதான் செய்தார். கயிறு மெலிந்துகொண்டே வந்தது. வீடு இருப்புக் கொள்ளாமல் அசைந்தது. யாரையும் நம்பாத மனிதர், நைலோன் கயிறு வாங்கி வாசல் தூணையும் கொல்லைக் கதவையும் சுற்றி, தன் வீட்டைத் தன் வீட்டோடேயே கட்டினார்.

"என்ன மாமா, வீட்டுக்குக் கோமணம் கட்டுறீங்களா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கலாராணி.

"ஒன் வேலையப் பாரு."

அன்று பின்னேரமே வீடு அந்தக் கட்டோடு புறப்பட்டது. கலாராணியின் வேலியைச் சாய்த்து, வயலைத் தாண்டி, ஆற்றங்கரை மூங்கிலில் இடித்து நின்றது. மடவளைக் கயிறு நூலாய் விறைத்திருந்தது. ராஜரத்தினம் குசினிக்குள் போனார். போன பெருநாள் தட்டு இன்னும் திருப்பி அனுப்பாமல் அலுமாரியில் கிடந்தது. சீனிப் போத்தலை அதில் கவிழ்த்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டே மடவளைக்கு நடந்தார்.

கதவைத் திறந்த நிரோஷா தட்டைப் பார்த்தாள்.

"வெறும் சீனியாப்பா?"

"வேற இல்ல. வேணாம்னா குடு, போறேன்."

"யாரு வேணாம்னா? உள்ள வாங்க, பிளேன்டீ ஊத்துறேன். ஒங்க சீனியத்தான் போடணும், இங்க முடிஞ்சிருச்சு."

அவர்கள் குடித்து முடிப்பதற்குள் கயிறு இருபுறமும் முறுக்கேறிவிட்டது. வீடு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆற்றங்கரையிலேயே, வாசல் மடவளையைப் பார்த்தபடி நிற்கிறது. தபால்காரர் அங்கேதான் போகிறார். நைலோன் கயிற்றில் ராஜரத்தினம் சாரம் காயப்போடுகிறார்.