லார்ட் இல்லாத குக்கி

மூன்றாவது தட்டும் சரிவரவில்லை. முதல் தட்டு அப்பளம் மாதிரிப் பரந்து ஓரம் கருகியது. இரண்டாவது கேக்காய் உப்பியது. மூன்றாவது பார்வைக்கு அச்சொட்டாக இருந்தது. கடித்தால் கடைப் பிஸ்கட். என் கணவர் றிஸான் பால் விடாத பிளேன்ரீயோடு ஐந்தாவது குக்கியை முடித்துக்கொண்டு, நல்லாத்தானே இருக்கிறது, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டார். அவருக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நான் உப்புப் போட மறந்த கறிக்கும் பதினெட்டு வருடமாக இதே சான்றிதழைத்தான் தந்துகொண்டிருக்கிறார்.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் விட்பியில் ஷரோனுடைய எண்பதாவது பிறந்தநாள். குக்கியை நான் சுட்டுக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கனடாவுக்கு வந்த புதிதில் மல்வேர்னில் நான் படித்த ஹைஸ்கூலின் கஃபிடீரியாவில் சமைத்தவர் ஷரோன். பீட்சாவும் ஃபிரைஸும் பெட்டியில் வந்து இறங்கும். சுகர் குக்கியை மட்டும் காலையில் வந்து தன் கையாலேயே குழைத்துச் சுடுவார். உள்ளங்கை அகலம், வெளிறிய நிறம். கண்ணாடிக் குவளையின் அடியைச் சீனியில் தோய்த்து அமர்த்திய வட்டத் தடம் மேலே தெரியும். ஓரம் ஒரு நூல் அளவு மொறுமொறுக்கும், நடு மெத்தென்று கரையும். அந்தப் பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் கணக்குப் பாடம் மறந்திருக்கும், அந்தக் குக்கி மறந்திருக்காது.

பிறந்தநாள் செய்தியைக் கொண்டுவந்தவள் ஜெயமலர். என் வகுப்புத் தோழி. இப்போது ரூஜில் வீடு, விட்பியில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. கட்டுப்பல் வைக்க வந்த ஒரு வயதான பெண்ணின் பேச்சு காதில் விழுந்ததும், முகத்தைப் பார்க்காமலே ஆளைப் பிடித்துவிட்டாள். கூட வந்த மகன் கிளிபோட் சொன்னாராம், அம்மாவுக்கு விரல்கள் மடங்குவதில்லை, மாவில் கைவைத்துப் பல வருடம், அந்தக் குக்கியை ஒருதரம் தின்றால் போதும் என்கிறார், கடையில் வாங்கிக் கொடுத்தால் ஒரு கடியோடு தள்ளிவைத்துவிடுகிறார் என்று. ஜெயமலர் சொல்லி முடிக்குமுன் நான் சுடுகிறேன் என்றுவிட்டேன்.

எனக்கு ஷரோனிடம் ஒரு நன்றிக்கடன் இருந்தது. இருபத்தெட்டு வருடமாகச் சொல்லாத நன்றி. வாயால் சொல்லிவிட்டு வரக்கூடிய அளவில் அது இல்லை. பிழையான குக்கியைக் கொண்டுபோனால் அதையும் ஒரு கடியோடு தள்ளிவைப்பார். எண்பது வயதானவரிடம், பரவாயில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

தொண்ணூற்றேழு செப்டெம்பரில் நான் அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். பதினாலு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, புத்தளத்தில் வளர்ந்து, உம்மா வாப்பாவோடு மல்வேர்னில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தலையில் முக்காடு இருந்தது, வாயில் ஆங்கிலம் இல்லை. எனக்கு ஒரு வருடம் முந்தி வந்திருந்த ஜெயமலர்தான் மொழிபெயர்ப்பாளர். தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே தைரியத்தோடு மொழிபெயர்ப்பாள். அவளில் எனக்குப் பிடித்ததும் அதுதான், எல்லா வினைக்கும் காரணம் அதுதான்.

ஷரோன் நியூபவுண்ட்லாந்துக்காரி. கனடாவின் கிழக்குக் கோடியில் கிடக்கும் தீவு அது. அந்தத் தீவு ஆங்கிலம் விளங்காமல் ஆங்கில வாத்தியாரே இரண்டாம் தரம் கேட்பார். தட்டு விழுந்தால், பால் பொங்கினால், பெடியங்கள் வரிசையைக் குழப்பினால் ஷரோன் இரண்டு கையையும் உயர்த்தி “ஓ மை லார்ட்” என்பார். யார் இந்த லார்ட் என்று நான் ஜெயமலரிடம் கேட்டேன். லோர்ட் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார், ஆண்டவனைக் கூப்பிடுகிறார் என்றாள். அது சரியான மொழிபெயர்ப்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பள்ளி தொடங்கி இரண்டாம் கிழமை நான் ஒரு குக்கியை எடுத்துத் தட்டில் வைத்தேன். ஷரோன் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். என் முக்காட்டைப் பார்த்தார், குக்கியைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

“நோ, மை லவ். இதுக்குள்ள லார்ட் இருக்கு.”

குக்கியைத் திருப்பி எடுத்துவிட்டார். வரிசையில் நின்ற எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். காது இரண்டும் கொதித்தன. மேசைக்கு வந்து அழாமல் இருக்கப் பாண் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஜெயமலர் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

“உவ விடிய வந்து கும்பிட்டுப் படைச்சுப்போட்டுத்தான் விக்கிறா போல. நீங்கள் படைச்சது சாப்பிடமாட்டீங்கள்தானே, அதுதான் உனக்குத் தரேல்லை.”

அது எனக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. சாமிக்குப் படைத்ததை நாங்கள் உண்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பக்கத்து வீட்டார் பொங்கினாலும் படைக்குமுன்பே எங்களுக்கென்று ஒரு சட்டி எடுத்து வைத்துவிடுவார்கள் என்று உம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வழக்கம் ஒரு வெள்ளைக்காரிக்கும் தெரிந்திருக்கிறதே என்று கோபம் அடங்கிவிட்டது. ஆசை மட்டும் அடங்கவில்லை. ஜெயமலருக்கு ஒரு தடையும் இல்லை. மச்சம் மாமிசம் படாத சைவ வீட்டுப் பிள்ளை அவள். படைத்த சாமான் என்றபடியால் ஒவ்வொரு நாளும் குக்கியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது கையால், ஒரு துகள் சிந்தாமல் தின்றாள்.

நவம்பரில் ஒருநாள் ஷரோன் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். சூடு ஆறாத குக்கி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

“லார்ட் இல்லை. எல்லாத்தையும் எடுத்திட்டன். இனி நீ சாப்பிடலாம்.”

இதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நான் அந்த இடத்திலேயே நின்று சாப்பிட்டேன். இந்தப் பெண் எனக்காகத் தன் ஆண்டவனை ஒரு பக்கம் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். புத்தளத்திலிருந்து வந்த, பெயர்கூடச் சொல்லத் தெரியாத ஒருத்திக்காக. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்குப் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. அன்று மாலை மஃரிப் தொழுதுவிட்டு, ஷரோனோடு ஆண்டவன் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று துஆக் கேட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒருநாளும் விடாமல் கேட்டேன்.

அந்தக் கதை அப்படியே என்னோடு வளர்ந்தது. இந்த நாட்டில் யாராவது என்னைக் கீழாகப் பார்த்த நாட்களில் எல்லாம் அதை எடுத்து நினைத்துக்கொள்வேன். இங்கே ஒருத்தி எனக்காக ஆண்டவனையே எடுத்து வைத்தவள், நீ ஆர் என்று மனதுக்குள் சொல்வேன். அதனால் நிமிர்ந்து நின்ற நாட்கள் பல.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்து நாலாவது தட்டையும் குப்பையில் கொட்டினேன். கிளிபோட்டைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்றார் றிஸான். முதல்தரமாக அந்த மனிதர் உருப்படியாக ஒன்று சொன்னார். எனக்குத்தான் கேட்டுச் சுடுவது கௌரவக் குறைவாக இருந்தது. ஆனால் பட்டரும் முடிந்திருந்தது, கௌரவமும் முடிந்திருந்தது.

கிளிபோட் நல்ல மனிதர். அம்மாவுக்குத் தெரியாமல் அலுமாரியிலிருந்து பழைய தேயிலைத் தகரப் பேணியை எடுத்து, அதற்குள் இருந்த சமையல் குறிப்பு மட்டையை ஃபோனில் மெதுவாக வாசித்தார். அம்மாவின் தாயார் எழுதிய மட்டை என்றார். மா, சீனி, முட்டை, வனிலா. பிறகு, “லார்ட் ரெண்டு கப்” என்றார்.

இவரும் தாயைப் போலத்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். லோர்டா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு எழுத்துக் கூட்டினார். எல், ஏ, ஆர், டி.

கடையில் புதுச் சாமான் எதை எடுத்தாலும் பெட்டியைத் திருப்பி முதலில் அந்த நாலு எழுத்தைத் தேடுகிறவள் நான். பன்றிக் கொழுப்பு. இருபத்தெட்டு வருடமாக அதைக் கண்ட கண்ட பெட்டியில் எல்லாம் வாசித்துத் திருப்பி வைத்திருக்கிறேன். ஒருநாளும் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கதிரையை இழுத்து இருந்துவிட்டேன்.

கிளிபோட் தொடர்ந்து வாசித்தார். அந்த வரி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் வேறு மையில், அம்மாவின் கையெழுத்தில், வெஜிட்டபிள் ஷோர்ட்டனிங், அதாவது தாவரக் கொழுப்பு, அதே அளவு. அடியில் சின்னதாக, ‘முக்காட்டுப் பிள்ளைக்கு. நவம்பர் 97.’

அந்தப் பேணியில் இருந்த மட்டைகளில் அம்மா வெட்டி எழுதியது இது ஒன்றுதான் என்றார் கிளிபோட். தன் தாயின் எழுத்தில் கைவைக்க அவருக்கு மனம் வராதாம்.

ஃபோனை வைத்துவிட்டு றிஸானுக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“குக்கியில எடுத்த கொழுப்பை எல்லாம் உனக்குள்ள வைச்சுப்போட்டா போல.”

ஜெயமலருக்கும் ஃபோன் அடித்துச் சொன்னேன்.

“அப்ப நான் ரெண்டு மாசமாப் பண்டிக் கொழுப்பையோடி கண்ணில ஒத்தினனான்?” என்றாள்.

சிரிப்பு ஓய்ந்த பிறகு எனக்குக் கொஞ்சம் வெறுமையாகத்தான் இருந்தது. ஆண்டவனையே எடுத்து வைத்தார் என்று நான் தூக்கித் திரிந்தது கடைசியில் இரண்டு கப் கொழுப்பு. ஆனால் ஷோர்ட்டனிங்கை அளந்து சீனியோடு அடிக்கத் தொடங்கியபோது யோசனை வேறு பக்கம் திரும்பியது. எனக்கென்று ஒரு சின்னத் தட்டில் தனியாகச் சுட்டிருக்கலாம். அது சுலபம். நான் தனி மேசைப் பிள்ளையாகியிருப்பேன். ஷரோன் ஆயிரம் பிள்ளைகளின் குக்கியையும் மாற்றினார். தாயின் எழுத்தை வெட்டினார். ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் வேலையை விடும்வரை பதின்மூன்று வருடம் அந்தப் பள்ளி முழுக்கத் தின்றதும், இன்றைக்கும் எல்லோரும் நாக்கில் வைத்துக் கொண்டாடுவதும் எனக்காகச் சுட்ட குக்கி. எனக்கு அழுகை வந்தது. நான் தடுக்கவில்லை.

குவளையின் அடியைச் சீனியில் தோய்த்து அமர்த்தினேன். பத்து நிமிடத்தில் அவணிலிருந்து வந்த வாசனையே சொல்லிவிட்டது. றிஸான் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு இந்தத் தடவை நல்லாத்தான் இருக்கு என்று சொல்லவில்லை. இன்னொன்றை எடுத்தார்.

சனிக்கிழமை நானும் ஜெயமலரும் போனோம். புதுக் குடியிருப்பு, எல்லா வீடும் ஒரே அச்சு. வாசலில் பலூன் கட்டியிருந்தபடியால் தப்பினோம். ஷரோன் ஜன்னல் பக்கத்துச் சோபாவில் இருந்தார். சின்னதாகிவிட்டார். என் பெயர் அவருக்குத் தெரியவில்லை. முக்காட்டைக் கண்டதும் கையை நீட்டினார்.

டப்பாவைத் திறந்து கொடுத்தேன். மடங்காத விரல்களால் ஒன்றைக் கவனமாக எடுத்து, மேலே இருந்த வட்டத் தடத்தைத் தடவிப் பார்த்தார். கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். தள்ளிவைக்கவில்லை. முழுவதையும் தின்று, மடியில் விழுந்த சீனியையும் விரலால் ஒற்றி எடுத்தார்.

நான் கதையைச் சொன்னேன். லார்ட்டையும் லோர்ட்டையும், ஜெயமலரின் மொழிபெயர்ப்பையும், அவள் கண்ணில் ஒற்றியதையும். ஷரோன் சிரித்த சிரிப்பில் புதுப் பல் கழன்றுவிடுமோ என்று ஜெயமலர் பயந்தாள். கிளிபோட் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார். உண்மையைச் சொன்னால் கொழுப்புப் போட்டதுதான் இன்னும் ருசி என்று ஷரோன் கண்ணைத் துடைத்தபடி சொன்னார். நான் துஆவைப் பற்றியும் சொன்னேன். ஆண்டவன் உங்களோடு கோபிக்கக் கூடாது என்று ஒரு குளிர்காலம் முழுக்கக் கேட்டேன் என்று.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார். அன்று பிடித்த அதே மணிக்கட்டு.

“நல்ல வேலை செய்தாய், மை லவ். என்னோட கோபிக்க அவருக்கு வேற காரணம் நிறைய இருந்தது.”

நான் சொல்ல வந்த நன்றியைச் சொன்னேன். நீளமாக யோசித்து வந்தது எல்லாம் மறந்துபோய், தாங்க் யூ என்ற இரண்டு சொல்தான் வந்தது. அவர் டப்பாவை என் பக்கம் தள்ளி, நீயும் சாப்பிடு என்றார். நான் ஒன்றை எடுத்தேன். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபோது, இப்ப என்னவோ முணுமுணுத்தாயே, என்ன அது என்று கேட்டார்.

பிஸ்மில்லாஹ் என்றேன். மாவைக் குழைக்கும்போதும் சொன்னேன், அவணில் வைக்கும்போதும் சொன்னேன், எதைத் தொடங்கினாலும் சொல்வோம் என்றேன். ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டார். ஆண்டவனின் பெயரால் என்று மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை ஜெயமலரை நம்பவில்லை.

ஷரோன் இன்னொரு குக்கியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தன் தீவு ஆங்கிலத்தில் சொன்னார்:

“அப்ப இதுக்குள்ள லார்ட் இருக்கு.”

“ஓம்,” என்றேன், தமிழிலேயே. “இருக்கு.”