ஒரு கிழமை பிந்திக் கேட்ட வீரையா

தர்மபுரத்து வீரையா எதை அடித்தாலும் அந்தச் சத்தம் ஒரு கிழமை, சரியாக ஏழு நாள், கழித்துத்தான் கேட்டது. அவன் பேச்சு உடனே கேட்கும், இருமல் உடனே கேட்கும், ஏப்பம்கூட உரிய நேரத்தில் வந்துவிடும். கையாலோ தடியாலோ எதையாவது தட்டினால் மட்டும் அடுத்த கிழமை அதே நாள், அதே நேரம், அதே இடத்தில் சத்தம் வந்து சேரும். கொழும்பிலிருந்து வரும் தபாலுக்கும் அந்தக் காலத்தில் ஏறக்குறைய அவ்வளவு நாள் பிடித்ததால் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யானைகளுக்கு மட்டும் அவன் அடித்த உடனேயே கேட்டது. ஏன் என்று யானைகளிடம் யாரும் விசாரிக்கவில்லை.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு லொறியேறி வந்த குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. மற்றவர்கள் பானையும் பாயும் சாமிப்படமும் கொண்டுவந்தார்கள். வீரையா தோளில் புரளும் தலைமுடி, தெருவைக் கூட்டும் அகலத்தில் ஒரு பெல்பொட்டம் காற்சட்டை, தேயிலை மரத்தில் சீவிய இரண்டு தடிகள் ஆகியவற்றோடு வந்து இறங்கினான். தோட்டத்துப் பெரிய பங்களாவில் வெள்ளைக்காரப் பாட்டுத் தட்டுகள் சுழலும்போது யன்னலுக்கு வெளியே நின்று, தண்ணீர்த் தொட்டியில் அடித்துப் பழகியவன் அவன். வன்னியில் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை சிற்றம்பலத்தாரின் வயலில் இருட்டுக் கட்டும் மைமல் பொழுதில் தகரம் தட்டி யானை துரத்துவது.

சிற்றம்பலத்தார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர். நேரத்தில் அவருக்கு இருந்த பக்தி சாமியில் இருந்ததோ தெரியாது. வானொலி நேரம் சொல்லும்போது தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் வானொலிக்காரருக்காகப் பரிதாபப்படுவாரே தவிர, கடிகாரத்தில் நேரம் திருத்தும் திருகாணியில் கை வைத்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் தன் வயலுக்குப் போய்ப் பார்த்தபோது, காவலுக்கு வைத்தவன் தலைமயிர் பறக்கப் பறக்கத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு சத்தமும் இல்லை. காட்டோரத்தில் யானைகள் வரிசையாக நின்று காதை ஆட்டிக்கொண்டிருந்தன.

“எட தம்பி, தகரத்தை அடியெண்டு விட்டால் நீ காத்துக்கு விசிறிக்கொண்டு நிக்கிறாய்.”

“அடிச்சுக்கிட்டுதாங்க இருக்கேன் ஐயா. கையெல்லாம் வீங்கிப் போச்சுங்க.”

அன்றே வேலை போனது. யானைகள் கடைசிவரை கேட்டுவிட்டு, ஒரு நெற்கதிரையும் தொடாமல் காட்டுக்குள் திரும்பியதைச் சிற்றம்பலத்தார் கவனத்தில் எடுக்கவில்லை. அடுத்த கிழமை அதே மைமலில் ஆளில்லா வயலில் தகரம் அலறத் தொடங்கியது. அவருடைய மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு பரந்தன் பக்கம் ஓடின. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கிழமை பிந்தி வேலைக்கு வந்தவனை அவர் அதன் பிறகு மன்னிக்கவேயில்லை.

மாடு பிடிக்க அவரோடு ஓடியவர்களில் பரந்தன் சிவராசாவும் ஒருவர். அவரிடம் ஒரு கிற்றாரும் இரண்டு ஒலிபெருக்கியும், ‘வன்னி மின்னல்’ என்ற பெயரில் ஓர் இசைக்குழுவும் இருந்தன. ட்ரம்ஸ் அடிக்க ஆள்தான் இல்லை. மாட்டை விட்டுவிட்டு வயலில் நின்று அந்தத் தகரத்தைக் கேட்டார். இப்படியொரு அடியை அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை. பிந்துவதுதானே பிரச்சினை, முந்தி அடித்தால் முடிந்தது என்று கணக்குப் போட்டார். அதன்படி ஒரு கோயில் திருவிழாவுக்கு ஒரு கிழமை முன்னதாகவே வீரையா அங்கே போய், வெறும் மைதானத்தில் தனியாக உட்கார்ந்து முழு நிகழ்ச்சிக்கும் அடித்துவிட்டு வருவான். திருவிழா அன்று மேடையில் வெறும் முக்காலி இருக்கும். சிவராசா தலையை ஆட்டினால் அந்த முக்காலியிலிருந்து ட்ரம்ஸ் கிளம்பும். நோட்டீசில் ‘ட்ரம்ஸ்: வீரையா (முற்கூட்டியே)’ என்று அச்சடித்தார்கள்.

ட்ரம்ஸ் என்று சொன்னது தார்ப் பீப்பா, பால்மாத் தகர ரின்கள், ஆட்டுத்தோல் எல்லாம் சேர்ந்த ஒரு குவியல். உழவு இயந்திரக் கலப்பையிலிருந்து கழற்றிய வட்டத் தகடு ஒன்று பக்கத்தில் கயிற்றில் தொங்கும். நிகழ்ச்சி முடிவில் வீரையா அத்தனையையும் உதைத்து உடைப்பான். பூவரசங்குளத்தில் ஒருமுறை வேகம் அடங்காமல், ட்ரம்ஸ் ஏற்றிய உழவு இயந்திரத்தை அப்படியே குளத்துக்குள் இறக்கி, தண்ணீருக்குள் இருந்தும் அடித்தான். அடுத்த கிழமை அந்தப் பகுதி குமிழி குமிழியாகக் கேட்டது. சனம் அதைத் திரும்பப் போடச் சொல்லிக் கத்தியது. பெலமாக அடித்தால் சத்தம் இன்னும் பிந்தும் என்பதும் அங்கேதான் தெரியவந்தது. சிவராசாவோடு கொழுவிக்கொண்டு கோபத்தில் அவன் அடித்த ஒரு துண்டு திருவிழாவுக்கு வரவில்லை. பல நாள் கழித்து அதே மைதானத்தில் நடந்த தேர்தல் கூட்டத்துக்கு வந்தது. வேட்பாளர் ஒரு வாக்குறுதி சொல்லி மூச்சு வாங்கும்போதெல்லாம் ட்ரம்ஸ் உருண்டது. இவ்வளவு நல்ல கூட்டம் இதுவரை நடந்ததில்லை என்று பூவரசங்குளத்தில் பேசிக்கொண்டார்கள்; வாக்கு மட்டும் போடவில்லை. இரைச்சல் என்று யாரோ முறையிட, பொலிசார் வந்து முக்காலியைக் கைதுசெய்து கொண்டுபோய், பிறகு யோசித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார்கள்.

இவ்வளவு புகழ் இருந்தும் வீரையா ஒரு கைதட்டலையும் கேட்டதில்லை. சனம் தட்டும் நேரத்தில் அவன் அடுத்த ஊரின் வெறும் மைதானத்தில் இருப்பான். அவனுக்கு முன்னால் இருந்ததெல்லாம் யானைகள். அது அவனுக்குப் பெரிய கவலை. புதன்கிழமைகளில் பரந்தன் பஸ் நிறுத்தத்தில் குழுவின் பாடகி கமலாசனியைச் சந்திப்பான். அவள்தான் போன நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று சொல்வாள்.

“ரெண்டாவது பாட்டுல நான் எப்படிங்க அடிச்சேன்?”

“சனம் எழும்பி நிண்டிட்டுது. எனக்கு அடுத்த வரி மறந்துபோச்சு. நீங்கள் அந்த இடத்திலை ஒரு சுத்துக் கூட அடிச்சிருந்தியள், அதாலை தப்பினன்.”

மறக்கப்போகிறாள் என்று ஒரு கிழமைக்கு முன்பே எப்படித் தெரிந்தது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்படி அப்படியே இரண்டு வருடத்து பஸ்களைத் தவறவிட்டார்கள். கமலாசனி சிற்றம்பலத்தாரின் மகள் என்பது மட்டும்தான் இதில் இருந்த இடைஞ்சல். நிகழ்ச்சிகளை நேரத்துக்குத் தொடங்குகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவர் மகளைப் பாடவே விட்டிருந்தார்.

பெண் கேட்க வீரையா தனியாகப் போனான். வாய்விட்டுக் கூப்பிட வெட்கப்பட்டு, வாசலில் இருந்த தகரப் படலையில் தட்டினான். வெகுநேரம் நின்றான். உள்ளே யாரும் அசையவில்லை. மனம் உடைந்து திரும்பினான். அடுத்த கிழமை படலை தட்டும் சத்தம் கேட்டுச் சிற்றம்பலத்தார் எழும்பிப் போய்த் திறந்தார். வெளியே ஒருவரும் இல்லை. மூடினார், தட்டியது, திறந்தார், இல்லை. போன கிழமை அவன் கொஞ்சம் கூடுதலாகவே தட்டியிருந்தான். கடைசியில் படலையைத் திறந்து வைத்துவிட்டுக் கதிரை போட்டு உட்கார்ந்தார், காற்றில் தட்டியது. இந்த உலகத்தில் இப்படித் தட்டக்கூடியவன் ஒருவன்தான் என்று அப்போது அவருக்கு விளங்கியது. மகளைக் கூப்பிட்டார்.

“வாற நேரம் தெரியாத ஒருத்தனுக்கு நான் பொம்பிளை குடுக்க மாட்டன்.”

“அப்பா, அவர் நேரத்துக்குத்தான் வந்தவர். சத்தம்தான் பிந்தினது.”

“அப்பிடியெண்டால் அவன் அடிக்க நீ பாடுறதை, ரெண்டு பேரையும் ஒரே நேரத்திலை ஒரே இடத்திலை எனக்குக் காட்டு. பிறகு யோசிப்பம்.”

ஊர் பற்றியோ குலம் பற்றியோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நேரத்தைப் பற்றித்தான் சொன்னார். அவர் சொல்லாததும் எல்லோருக்கும் கேட்டது, அதுவும் உடனேயே.

கமலாசனி மூன்று நாள் சாப்பிடாமல் யோசித்தாள். நாலாம் நாள் சாப்பிட்டுவிட்டு யோசித்ததில் வழி தெரிந்தது. அறுவடை முடிந்த தகப்பனின் வயல் களத்தில், மைமல் பொழுதில், ட்ரம்ஸைக் காட்டுக்கு எதிரே வைக்கச் சொன்னாள். வீரையா அடிக்கத் தொடங்கியதும் யானைகள் வந்து வரிசையாக நின்று, அடிக்கு அடி காதை ஆட்டின. அவள் வீரையாவைப் பார்க்கவில்லை. யானைகளின் காதைப் பார்த்துப் பாடினாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அவன் அடிக்க அவள் பாடினாள். வீரையா அழுதுகொண்டே அடித்தான். தகப்பனுக்குக் கேட்டது மகளின் குரல் மட்டும்தான். மூத்த மகன் சவுதியிலிருந்து அனுப்பியிருந்த ரேப் ரெக்கோடரில் அவர் அதைப் பதிவு செய்தார். தொடங்கிய நேரத்தையும் பழக்கதோஷத்தில் பார்த்து வைத்தார்.

“பாட்டு வந்தது. அடி எங்கை?” என்றார்.

“அடுத்த கிழமை நீங்களே வந்து கேளுங்கோ,” என்றாள் மகள்.

அடுத்த கிழமை அவர் களத்துக்கு வந்தார். கடிகாரத்தைப் பார்த்தபடி, சரியான நொடியில் ரேப் ரெக்கோடரை அமத்திப் பாடவிட்டார். வன்னியில் அந்த வேலையை அப்படிச் செய்யக்கூடிய இன்னொரு மனிதர் இருந்திருக்க மாட்டார். பெட்டியிலிருந்து மகளின் பாட்டும் வெறும் களத்திலிருந்து வீரையாவின் ட்ரம்ஸும் ஒன்றாகக் கிளம்பி, ஓர் இடத்தில்கூட விலகாமல் கடைசிவரை போயின. நடுவில் ஒரு யானை பிளிறியதும் தாளத்தில்தான் இருந்தது. சிற்றம்பலத்தாரின் வலது கால் அவரைக் கேட்காமலே ஆடியது. முடிந்ததும் மண்ணைத் தட்டிவிட்டு எழும்பினார்.

“ஒரே நேரத்திலைதான் நிண்டிருக்கினம். நாள் பாப்பம்.”

எண்பத்திரண்டாம் ஆண்டு ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, சிற்றம்பலத்தாரின் வீட்டு வளவிலேயே கல்யாணம் நடந்தது. காலை பத்தே முக்காலுக்குத் தாலி ஏறியது; சிற்றம்பலத்தார் கடிகாரத்தைப் பார்த்து அதை உறுதிசெய்தார். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நொடியே, பந்தல் காலில் தொங்கிய கலப்பைத் தகட்டை, இதுவரை அடித்த எல்லா அடியையும் விடப் பெலமாக, ஒரேயொரு அடி அடித்தான். காட்டோரத்தில் நின்ற யானைகள் எல்லாம் அப்படியே குந்திவிட்டன. அதைப் பார்த்தவர்கள் வரப்போகும் சத்தத்தை நினைத்துப் பயந்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை சனம் வளவில் கூடியது, சத்தம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் கண்ணாடிக் கிளாசுகளைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தவர்கள் வருடக் கடைசியில் அவிழ்த்துவிட்டார்கள். பிறகு மகள் பிறந்தாள்; அவள் கரண்டியால் தட்டியது உடனே கேட்டதில் வீட்டில் எல்லோருக்கும் சின்ன ஏமாற்றம். கெட்ட வருடங்கள் வந்தன. ஊரடங்கு போட்டுத் திருவிழாக்களை நிறுத்தினார்கள். ஆனால் வீரையா போன கிழமையே அடித்துவிட்டு வந்திருப்பான். வெறிச்சோடிய மைதானங்களில் ட்ரம்ஸ் அதுபாட்டுக்கு முழங்கும், கதவைச் சாத்திக்கொண்டு சனம் உள்ளேயிருந்து கேட்கும். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் புதிதாகத் தொடங்கிய குழுக்காரர் எல்லாம் அவனைப் போலத் தலைமயிர் வளர்த்தார்கள், அவனைப் போல உடைத்தார்கள். மேடையில் ஒரு வெறும் முக்காலியும் வைத்தார்கள். அது எதற்கென்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எண்பத்தொன்பதாம் ஆண்டு மாசியில் மலேரியாக் காய்ச்சலில் வீரையா செத்துப்போனான். பிரேதம் போகும்போது யானைகள் வீதியோரம் வந்து நின்றன. காதை ஆட்டவில்லை. அடுத்த கிழமை, அவன் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரல்கள் மெல்லத் தாளம் போடுவது கேட்டது. கமலாசனி பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து அது ஓயும்வரை கேட்டாள். அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. சிவராசா வந்து கூப்பிட்டும் போகவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, இனி மகளைப் பார் என்று பக்கத்து வீட்டு இராசமலர் ஆறுதல் சொன்னபோது அவள் தலையாட்டி மறுத்தாள்.

“இன்னும் ஒண்டு வரக் கிடக்கு அக்கா.”

அது வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பயம். அந்த வளவை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்க மறுத்தாள்.

அவ்வருடம் ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, கமலாசனி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சிற்றம்பலத்தார் கதிரையில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அப்போது, பந்தல் கால் முன்பு நின்ற இடத்தில் அந்த அடி விழுந்தது. தென்னைகளில் இருந்து குரும்பைகள் கொட்டின. குசினியில் சட்டிமூடிகள் எழும்பி வேறு சட்டிகளில் போய் உட்கார்ந்தன. பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். யானைகள் மட்டும் திரும்பியும் பார்க்கவில்லை. அவை அதை ஏழு வருடத்துக்கு முந்தியே கேட்டுவிட்டன. தகட்டின் ரீங்காரம் அடங்குமுன் கமலாசனி சுளகைக் கீழே வைத்துவிட்டுப் பாடத் தொடங்கினாள். அன்று களத்தில் பாடிய அதே பாட்டு. கண்ணீர் ஓட ஓட, தாளம் பிசகாமல் பாடினாள்.

வேலிக்கு மேலால் இராசமலர் தலையை நீட்டினாள்.

“வந்திட்டுதோ பிள்ளை?”

கமலாசனி பாட்டை நிறுத்தாமல் தலையாட்டினாள். இராசமலர் சரியென்று சொல்லிவிட்டு, மாறிப்போன மூடிகளைத் தேடிக் குசினிக்குப் போனாள்.

சிற்றம்பலத்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்காலுக்கு இன்னும் மூன்று நிமிடம் இருப்பதாக அது சொன்னது. அதைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு பந்தல் கால் நின்ற இடத்தைப் பார்த்தார், பாடும் மகளைப் பார்த்தார்.

“மருமோன் நேரத்துக்குத்தான் வந்திருக்கிறார்,” என்று சொல்லிவிட்டு, திருகாணியை வெளியே இழுத்துக் கடிகாரத்தை மூன்று நிமிடம் முன்னுக்குத் தள்ளி வைத்தார்.